கதிர் இல்லாத கட்டு

அக்கா மகன் வந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் வருஷம். சோபாவில் மல்லாந்து படுத்தபடி செல்போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன், "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று நீட்டினான்.

பார்த்தேன். கட்டம் போட்ட கில்ட் கட்டிய ஓர் ஆள். உடம்பு நம் வீட்டு பீரோ அளவுக்கு இருந்தது. கையில் நீளமான கழி, அதன் முனையில் மூன்று முள். தரையில் கிடந்த சணல் சாக்கு மூட்டையில் அதைக் குத்தினார். ஊஞ்சல் ஆட்டுகிற மாதிரி இரண்டு தரம் முன்னும் பின்னும் ஆட்டினார். மூன்றாவது தரம் தலைக்கு மேல் ஒரே வீச்சு. மூட்டை பறந்து, எங்கேயோ உயரத்தில் இருந்த குறுக்குக் கம்பியைத் தாண்டி, அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்தது. கூட்டம் ஹோவென்று கத்தியது.

"ஒரு மூட்டையைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டதுக்கா இவ்வளவு கைதட்டல்? இதெல்லாம் ஒரு விளையாட்டா மாமா?"

அவன் கிண்டலாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டான். எனக்குத்தான் அது ஒரு வாரம் மண்டைக்குள் ஓடியது. இது விளையாட்டா? விளையாட்டு என்றால், யாருடைய வேலை இப்படி விளையாட்டானது? ஆனதில் என்ன மிச்சம், என்ன நஷ்டம்?

நான் பி.காம். இலக்கிய விமர்சகர்களுக்குக் கோட்பாடு இருக்கிறது. எனக்கு இருப்பது ஐந்தொகை. ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு, கடைசியில் கூட்டிப் பார்க்க வேண்டியதுதான். இந்தச் சாக்கு மூட்டைக்கும் அதையே செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. வாருங்கள், சேர்ந்தே செய்வோம்.

முதலில் சரக்கு என்னவென்று பார்த்துவிடுவோம்.

விளையாட்டின் பெயர் ஷீஃப் டாஸ். ஷீஃப் என்றால் கதிர்க்கட்டு. ஸ்காட்லாந்து பாணி ஹைலேண்ட் கேம்ஸில், குறிப்பாக அமெரிக்காவிலும் கனடாவிலும் நடப்பவற்றில், இது ஒரு போட்டி. அயர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் விவசாயக் கண்காட்சிகளில் நடக்கும். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே இருக்கிற பாஸ்க் பிரதேசத்தில் இதற்கு ஒரு பங்காளி உண்டு.

சாக்குக்குள்ளே வைக்கோல் மாதிரி ஏதாவது அடைத்திருப்பார்கள். ஹைலேண்ட் கேம்ஸில் ஆண்களுக்குப் பெரும்பாலும் 16 பவுண்டு அல்லது 20 பவுண்டு மூட்டை. அதாவது 7 கிலோ சொச்சம் அல்லது 9 கிலோ. ஒலிம்பிக்கில் ஆண்கள் எறிகிற இரும்புக் குண்டும் இதே 16 பவுண்டுதான். பெண்களுக்கு இதைவிட லேசான மூட்டை. ஒவ்வொரு உயரத்துக்கும் மூன்று வாய்ப்பு. தாண்டினால் கம்பியை ஏற்றுவார்கள். மூன்றும் தவறினால் வீட்டுக்குப் போகலாம். கிட்டத்தட்ட உயரம் தாண்டுதல் விதிகளேதான். தாண்டுவது மட்டும் மனிதன் அல்ல, மூட்டை.

நல்ல ஆட்டக்காரர்கள் 30 அடிக்கு மேலே போடுகிறார்கள். 30 அடி என்றால் மூன்று மாடி. உங்கள் அடுக்ககத்தின் வாசலில் நின்றுகொண்டு, ஒரு வாரத்துக்கு வாங்கிய அரிசி மூட்டையை ஒரு கம்பால் குத்தி, மூன்றாவது மாடி பால்கனிக்கு அனுப்புவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இப்போது கைதட்டத் தோன்றுகிறதா?

இதற்குப் பலம் மட்டும் போதாது என்பதுதான் விசேஷம். முள்ளை ஆழமாகக் குத்திவிட்டால் மூட்டை கழலாது, கம்போடு சேர்ந்து முதுகுக்குப் பின்னால் போய்விடும். லேசாகக் குத்தினால் ஆட்டும்போதே நழுவிவிடும். சரியான நொடியில் கழன்றால்தான் உயரம். கொஞ்சம் முந்தினால் முன்னால் விழும். செங்குத்தாகப் போய்விட்டால் இன்னும் வேடிக்கை, போட்டவர் தலைமேலேயே இறங்கும். பீரோ மாதிரி ஆசாமி மேலே பார்த்துக்கொண்டே ஓடுவதைப் பார்க்கக் கண்கோடி வேண்டும். தூக்குகிற பலத்தைவிட, விடுகிற நேரம் முக்கியம்.

ஆக வரவுப் பக்கம் முதல் வரி: இது விளையாட்டுதான். சந்தேகமே இல்லை.

இனி அடுத்த கேள்வி. இது எந்த வேலை?

இயந்திரம் வருவதற்கு முன் ஐரோப்பாவில் அறுவடை எப்படி நடந்தது என்று பாருங்கள். கோதுமை, பார்லி, ஓட்ஸ் எதுவானாலும் சரி. அறுப்பார்கள், அள்ளுவார்கள், தாளையே திரித்துக் கயிறாக்கிக் கட்டுவார்கள். நாலைந்து ஜோடிக் கட்டுகளைக் கதிர் மேலே இருக்கும்படி ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து வயலிலேயே காய நிறுத்துவார்கள். ஓட்ஸ் கட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி கேட்ட பிறகுதான் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஒரு பழைய பேச்சே உண்டு. அப்புறம் வண்டி வரும். ஒருவன் கீழே நின்று முள்கம்பால் கட்டைக் குத்தி மேலே கொடுப்பான். வண்டிமேல் இருப்பவன் வாங்கி அடுக்குவான். களத்துக்குப் போனதும் மறுபடி அதே கதை. வண்டியிலிருந்து போருக்கு. போர் உயர உயர, கம்பை நீட்டுகிற கையும் உயர வேண்டும்.

இந்த 'கொடுக்கிற ஆள்' செய்ததுதான் இன்றைய விளையாட்டு. நிஜக் கட்டு போட்டி மூட்டையைவிடப் பெரும்பாலும் லேசு. ஆனால் அவன் மூன்று தரம் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகமுடியாது. காலையிலிருந்து வெளிச்சம் இருக்கும்வரை, நூற்றுக்கணக்கில்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அவன் எறியவில்லை. கொடுத்தான்.

போர் அடுக்குவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. கதிர் உள்பக்கம், தாளின் அடிப்பக்கம் வெளியே. அப்போதுதான் மழை பெய்தாலும் தானியம் நனையாது. கீழே இருந்து கொடுப்பவன் கட்டை மேலே இருப்பவன் கைக்குச் சரியான பக்கமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் அவன் ஒவ்வொரு கட்டையும் சுற்றித் திருப்பவேண்டி வரும். முரட்டுத்தனமாக வீசினாலோ, முற்றிய கதிரிலிருந்து மணி உதிர்ந்துவிடும். உதிர்ந்தது போனதுதான். ஆகவே நல்ல ஆள் என்று பெயர் எடுத்தவன் பலசாலி மட்டும் அல்ல. மேலே இருப்பவனைத் திண்டாட விடாதவன், ஒரு மணிகூட வீணாக்காதவன்.

இப்போது அந்தச் சாக்கு மூட்டையை மறுபடி பாருங்கள். உள்ளே கதிர் இல்லை, உதிர்வதற்கு ஒன்றுமில்லை. மேலே வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை. வெறும் கம்பி. அந்தப் பக்கம் எப்படி விழுந்தாலும் ஒன்றுதான்.

செலவுப் பக்கம் முதல் வரி: பலம் மிஞ்சியது, பக்குவம் போய்விட்டது.

பேப்பர்காரன் புத்தியில் எனக்கு உடனே ஒரு பிரமாதமான வாக்கியம் தோன்றியது. 'நிமிர்ந்து செய்கிற வேலைதான் விளையாட்டாகும், குனிந்து செய்கிற வேலை ஆகாது' என்று. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆதாரம்கூட இருந்தது. ஸ்காட்லாந்தில் பெரிய அரிவாள் வருவதற்கு முன் கையரிவாளால் குனிந்து அறுத்தவர்களில் பெண்கள் ஏராளம். அந்த வேலைக்கு ஹைலேண்ட் கேம்ஸில் ஒரு போட்டியும் இல்லை. தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' நாவல் 1891-ல் வந்தது. அதில் நீராவியில் ஓடும் கதிரடிக்கும் இயந்திரத்தின்மேல் நிற்கவைக்கப்பட்டு, வந்துகொண்டே இருக்கும் கட்டுகளை ஓயாமல் அவிழ்த்துப் போடுகிறாள் டெஸ். கை ஓய்ந்தாலும் இயந்திரம் ஓயாது. கட்டு அவிழ்ப்பதில் சாம்பியன் என்று யாருக்காவது கோப்பை கொடுத்திருக்கிறார்களா?

ஆனால் என் பிரமாதமான வாக்கியம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. நியூசிலாந்து குறுக்கே வந்து நின்றது.

அங்கே மாஸ்டர்டன் என்ற ஊரில் 1961-லிருந்து 'கோல்டன் ஷியர்ஸ்' என்று ஒரு போட்டி. ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பது. முதுகு ஒடியக் குனிந்து செய்கிற வேலை. அது பிரமாதமான போட்டியாக இருக்கிறது, டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். ஆக, குனிவதும் நிமிர்வதும் அல்ல விஷயம். வேறு ஏதோ.

அந்தப் போட்டியின் விதியைப் பார்த்ததும்தான் பிடிபட்டது. அங்கே வேகத்துக்கு மட்டும் மார்க் இல்லை. ஆட்டின் தோலில் கீறல் விழுந்தால் அபராதம். ரோமத்தை ஒழுங்காக எடுக்காமல் விட்டாலும் அபராதம். முதலில் முடித்தவர் தோற்றுப்போகலாம். ஏர் உழுகிற போட்டியும் அப்படித்தான். உலக உழவுப் போட்டி 1953-ல் கனடாவில் ஆரம்பித்தது. அதில் யார் சீக்கிரம் உழுதார் என்று பார்ப்பதில்லை. சால் நேராக இருக்கிறதா, ஒரே ஆழமா, களை மண்ணுக்குள் புதைந்ததா என்று நடுவர்கள் நடந்துபோய் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

புரிகிறதா? ரோமம் கத்தரிப்பது இன்றைக்கும் உயிரோடு இருக்கிற தொழில். உழவும் அப்படியே. உயிரோடு இருக்கிற தொழிலின் போட்டியில், வேலை எவ்வளவு நன்றாக நடந்தது என்று பார்க்கிறார்கள். பார்த்தே ஆகவேண்டும். ஆடு மிச்சம் இருக்கிறது, அடுத்த நாள் அது மேயப் போகவேண்டும். செத்துப்போன தொழிலின் போட்டியில் வேலையைப் பார்க்க யாரும் இல்லை. உடம்பை மட்டும்தான் அளக்க முடியும். அளக்க ஒரு கம்பியும் டேப்பும் போதும்.

கதிர்க்கட்டு எப்போது செத்தது? ஒரே நாளில் இல்லை, தவணை முறையில். ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ மெய்க்கிள் 1786 வாக்கில் கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் பெல், 1828 வாக்கில் அறுக்கும் இயந்திரம் செய்து, அதற்குக் காப்புரிமைகூட வாங்காமல் விட்டுவிட்டார். நல்ல மனசு. ஆனால் குளிர்காலக் கூலியே கதிரடிப்புதான் என்று இருந்தவனுக்கு வயிற்றில் அடி. 1830-ல் இங்கிலாந்தின் தெற்கு, கிழக்கு மாவட்டங்களில் கூலிகள் திரண்டு கதிரடிக்கும் இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். 'ஸ்விங் கலகம்' என்று சரித்திரத்தில் பெயர். 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். ஐநூறை நெருங்கும் எண்ணிக்கையில் ஆட்களைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். இயந்திரங்கள் ஜெயித்தன.

கடைசி அடி, அறுத்து அடித்துத் தூற்றி எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கிற கம்பைன் ஹார்வெஸ்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1950-களில், பிரிட்டிஷ் வயல்களில் அது பரவியது. கட்டே இல்லை என்றால் கட்டைத் தூக்கிக் கொடுப்பவன் எதற்கு? கிட்டத்தட்ட அதே காலம், 1956-ல், அமெரிக்காவின் வட கரோலினாவில் கிராண்ட்ஃபாதர் மவுண்டன் ஹைலேண்ட் கேம்ஸ் தொடங்கியது. அங்கே வேலை போகிறது, இங்கே திருவிழா வருகிறது. திட்டம் போட்டு யாரும் செய்யவில்லை. ஆனால் அப்படித்தான் நடந்தது.

அந்த கில்ட்டையும் விடமுடியாது. ஹைலேண்ட் கேம்ஸ் போட்டிக்காரர்கள் கில்ட் கட்டியே ஆகவேண்டும். வயலில் கட்டுத் தூக்கிய கூலி இப்படி விழாக்கோலத்திலா நின்றான்? ஷீஃப் டாஸே பழைய ஹைலேண்ட் பட்டியலைச் சேர்ந்தது இல்லை, பண்ணைக் கண்காட்சிகளிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. ஸ்காட்லாந்தில் பல இடங்களில் அதை நடத்துவதே இல்லை. 1746-ல் கல்லோடன் போரில் தோற்ற பிறகு ஹைலேண்ட் உடைக்கே தடை போட்டது லண்டன். 1782 வரை அந்தத் தடை இருந்தது. பிறகு 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது அதே உடையை ராஜ உடையாக்கினார்கள். விழாவை வடிவமைத்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். 1848-ல் விக்டோரியா மகாராணி பிரேமார் விளையாட்டுக்கு வந்தார். கூட்டமும் கௌரவமும் கூடின. அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஆட்டு மந்தைகளுக்கு இடம் வேண்டுமென்று, ஹைலேண்ட் குடியானவர்களை அவர்கள் வீடுகளிலிருந்து நிலச்சுவான்தார்கள் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் குடியானவனை அனுப்பிவிட்டு, மறுபக்கம் குடியானவனின் பலத்துக்குப் பரிசு கொடுக்கிறார்கள். எங்கள் பாஷையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. ஆலையை விற்றுவிட்டு, அதன் நற்பெயரை மட்டும் கணக்கில் சொத்தாகக் காட்டுவது. குட்வில்.

'அப்படியானால் இது வெறும் வேஷம், மூடிவிடலாம் என்கிறீர்களா?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஐந்தொகையை ஒரு பக்கம் மட்டும் எழுதினால் ஆடிட்டர் அடிப்பார்.

1565-ல் புரூகல் வரைந்த 'அறுவடைக்காரர்கள்' என்ற ஓவியம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. இணையத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒரு பக்கம் அறுக்கிறார்கள், கட்டைச் சுமக்கிறார்கள். மரத்தடியில் சிலர் சாப்பிடுகிறார்கள். ஒருவன் காலை அகட்டிக்கொண்டு அப்படியே கட்டையாய்க் கிடந்து தூங்குகிறான். தூரத்தில், உற்றுப் பார்த்தால்தான் தெரியும், ஒரு சிறு கூட்டம் எறிகிற விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் கட்டை எறியவில்லை. கட்டிப்போட்ட ஒரு பறவையைக் குறிபார்த்துக் கம்பு எறிகிறார்கள். குரூரமான விளையாட்டு. நல்லவேளை, அது ஒழிந்தது.

அந்தப் படத்தில் கட்டு என்பது பாரம். விளையாட்டு வேறு எங்கோ. எல்லா ஊரிலும் அப்படியே இருக்கவில்லை. வேலை செய்பவன் வேலைக்கு நடுவிலேயே 'எங்கே, நீ போடு பார்ப்போம்' என்று பக்கத்து ஆளைச் சீண்டுவான். அந்தச் சீண்டலில்தான் இந்த விளையாட்டின் விதை இருக்கிறது. கூலி கொடுத்தவன் சொல்லி அவன் அதைச் செய்யவில்லை. நாள் முழுக்க இன்னொருவருக்காகத் தூக்கியவன், ஒரே ஒரு தரம் தனக்காகத் தூக்குகிறான். பண்ணையார் தேவைக்கு மேலே, போரின் உயரத்துக்கு மேலே, ஒரு பிரயோஜனமும் இல்லாத உயரத்துக்கு. அந்தப் பிரயோஜனமின்மை அவன் சம்பாத்தியம். அதை வேஷம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வரவுப் பக்கம் இரண்டாவது வரி இது. கொஞ்சம் பெரிய தொகை.

பாஸ்க்காரர்கள் இன்னொரு வழி காட்டுகிறார்கள். அவர்களிடம் கிராமிய விளையாட்டுகளின் ஒரு குடும்பமே உண்டு. மரம் வெட்டுவது, கல் தூக்குவது, பாரம் சுமப்பது எல்லாம். வைக்கோல் கட்டை முள்கம்பால் உயரத்துக்கு எறிகிற ஆட்டம் அங்கேயும் இருக்கிறது. அதோடு, 45 கிலோ கட்டைக் கயிறு கட்டிக் கப்பியில் மேலே இழுப்பதும் உண்டு. ஒரு தரம் இழுத்தால் போதாது. குறித்த நேரத்துக்குள், வழக்கமாக இரண்டு நிமிஷம், எத்தனை தரம் என்பது கணக்கு. ஆட்டக்காரர் கயிற்றைப் பிடித்துத் தன் உடம்போடு தரையில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுகிறார். பார்க்கும்போதே நமக்கு மூச்சு வாங்கும். வேலையின் பக்குவம் அங்கேயும் முழுசாக இல்லைதான். ஆனால் வேலையின் அலுப்பாவது இருக்கிறது. திரும்பத் திரும்பச் செய்வதுதான் உழைப்பு என்ற ஞாபகத்தை அந்தக் கடிகாரம் காப்பாற்றி வைத்திருக்கிறது.

சரி, கூட்டிக் கழித்தால்?

என் தீர்ப்பு இது. ஷீஃப் டாஸ் நல்ல விளையாட்டு, சுமாரான நினைவுச்சின்னம். அதை விளையாட்டாக மட்டும் பார்த்தால் குறையே இல்லை. கம்பி பொய் சொல்லாது, நடுவர் கருணை தேவையில்லை, பணமோ வம்சமோ மூட்டையை ஓர் அங்குலம்கூட உயர்த்தாது. ஆனால் 'இது எங்கள் முன்னோர்களின் அறுவடை உழைப்பு' என்று மைக்கில் அறிவிக்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது. அறுத்தவள் அங்கே இல்லை. கட்டியவள் இல்லை. மேலே நின்று வாங்கியவன் இல்லை. தூக்கிலே தொங்கியவனும் கப்பலேறியவனும் நிச்சயமாக இல்லை. அத்தனை பேரின் வேலையிலிருந்து படம் பிடிக்க வாகான ஒரே ஒரு வீச்சை மட்டும் எடுத்துக்கொண்டு, மொத்த அறுவடையும் இதுதான் என்றால் எப்படி?

நானும் யோக்கியன் இல்லை. பட்டணத்தில் வாடகை வீட்டில் வளர்ந்தவன். வாழ்க்கையில் ஒரு கதிர்க்கட்டைக்கூடத் தூக்கியதில்லை. நான் தூக்கியதெல்லாம் பேரேடு. உங்களில் பலரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கில்ட் ஆசாமிகளிலும் நிறைய பேர் வார நாட்களில் வேறு உத்தியோகம் பார்ப்பவர்கள்தான். அவர்களும் நம்மைப்போல வயலை விட்டு வெகுதூரம் வந்துவிட்டவர்கள். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு சாக்கு மூட்டையின் எடையிலாவது அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். நாம் அதுவும் செய்வதில்லை.

அதனால் தடையெல்லாம் கேட்கவில்லை. ஒரே ஒரு யோசனைதான் இருக்கிறது. போட்டியின் கடைசிச் சுற்றில் சாக்கை எடுத்துவிட்டு, கதிரோடு கூடிய நிஜக் கட்டு ஒன்றைக் கொடுங்கள். கம்பிக்குப் பதிலாக ஒரு வண்டியை நிறுத்தி, அதன்மேல் ஓர் ஆளை நிற்க வையுங்கள். கீழே ஒரு வெள்ளைத் துணி விரியுங்கள். கட்டு மேலே போனதும் துணியில் உதிர்ந்த மணிகளை எண்ணுங்கள். குறைவாக உதிர்த்தவருக்கு ஒரு பரிசு. வண்டிமேல் நிற்பவரைக் கேட்டு, கையில் வாகாகக் கொடுத்தவருக்கு இன்னொரு பரிசு. கூட்டம் குறைவாகத்தான் கைதட்டும். பரவாயில்லை.

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். அதுவே ஆச்சரியம். கடைசியில் அவன் கேட்டது ஒன்றுதான்.

"மணியை யார் மாமா எண்ணுவாங்க?"

இவ்வளவு நேரம் நான் எழுதியதற்கு இதுதான் சரியான ஆட்சேபணை. பசி இருந்த காலத்தில் யாரும் சொல்லாமலே எண்ணினார்கள்.